ட்ரோன் இல்லாமல், வெளிச்சத்தை வைத்தே ஒரு பாட்டுக்குள் கதை சொல்ல முடியுமா?

கடல்காத்து:
வணக்கம். நான்கு நிமிடப் பாட்டு ஒன்றை நண்பர்கள் சேர்ந்து எடுக்கிறோம். அக்கா கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் தனியாக இருக்கும் தம்பி, இதுதான் கதை, வசனம் கிடையாது. ராயபுரத்தில் பாட்டி வீடு, ஒரு காலை மட்டும் காசிமேடு கடற்கரை. கையில் ஒரு கேமரா, 35 மி.மீ. (அகலமாகக் காட்டுவது), 85 மி.மீ. (நெருக்கிக் காட்டுவது) என்று இரண்டு லென்ஸ், இரண்டு எல்ஈடி லைட். ட்ரோனும் கிம்பலும் (கேமராவை ஆடாமல் பிடிக்கும் கருவி) வாடகைக்கு எடுத்தால்தான் எடுபடும் என்கிறார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. இருப்பதை வைத்தே அந்தத் தனிமையைக் காட்ட முடியுமா?

மாடிப்படி:
கண்டிப்பாக முடியும். ட்ரோனில் ராயபுரம் தெரியும், தம்பி முகம் தெரியாது. பல்லவி எத்தனை தடவை வருகிறது? மூன்று என்றால், மூன்று தடவையும் கேமரா ஒரே இடத்தில், அதே லென்ஸ், அதே உயரம், ஃப்ரேமில் கூடத்து ஜன்னலும் அக்கா அறை வாசலும் தெரிகிற மாதிரி. முதல் தடவை அக்கா இருக்கிறாள், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் தெர்மாகோல் பிடித்து இரண்டு முகத்திலும் நிழலைக் குறைத்துவிடுங்கள். அடுத்த தடவை தம்பி மட்டும், தெர்மாகோல் இருந்த இடத்தில் கருப்புத் துணி, பாதி முகம் இருட்டாகிவிடும். மூன்றாவதில் ஜன்னலைச் சாத்திவிட்டு அக்கா அறைக்குள் ஒரே ஒரு லைட், அது வாசல் வழியாகத் தரையில் விழட்டும், அவன் அந்த வெளிச்சத்துக்குள் வராமல் ஓரமாக உட்கார்ந்திருக்கட்டும். மெட்டு அப்படியே திரும்பி வரும், வீடு மாறிப்போயிருக்கும்.

ரெண்டாம்ஷிஃப்ட்:
பல்லவிக்கு இது சரி, ஆனால் சரணத்திலும் கேமரா அசையாமல் நின்றால் மூச்சு முட்டும், அங்கே கையில் பிடித்தே எடுங்கள். 85ஐ ஒரே ஒரு குளோசப்புக்கு வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் 35, அவனைச் சுற்றி இருக்கும் காலி இடம்தான் உங்கள் கதையே.

அப்புறம் வீட்டில் பழைய ட்யூப்லைட் இருந்தால் கவனம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், வெளிச்சம் வினாடிக்கு 100 தடவை துடிக்கும், ஷட்டரை 1/50 வினாடியில் வைத்தால் அது திரையில் தெரியாது. காசிமேட்டில் ஸ்லோமோஷன் வேண்டுமென்றால் வினாடிக்கு 48 ஃப்ரேமில் எடுங்கள், ஸ்பீக்கரில் பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு அதற்கு வாயசைக்கச் சொல்லுங்கள். 24இல் ஓட்டும்போது உதடு பாட்டோடு சேர்ந்துவிடும், அலையும் தலைமுடியும் மட்டும் மெதுவாக நகரும். நம் கடலில் சூரியன் காலையில்தான் எழும்பும், சாயங்காலம் ஊருக்குப் பின்னால் போய்விடும், அதனால் விடியும் முன்பே போய் நில்லுங்கள். எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் கண்ணுக்குக் கீழே கருப்பு விழும், மூட்டை கட்டிவிடலாம்.

கடல்காத்து:
ரொம்ப நன்றிண்ணா. எண்ணிப் பார்த்தேன், பல்லவி நான்கு தடவை வருகிறது. கடைசியில் அக்கா வீட்டுக்கு வருகிறாள். தெர்மாகோலைத் திரும்பப் பிடித்துவிடலாமா?

மாடிப்படி:
வேண்டாம். அவள் இப்போது இரண்டு நாள் தங்கிவிட்டுப் போக வந்தவள். ஜன்னலைத் திறந்து அவள் முகத்தில் வெளிச்சம் விழச் செய்யுங்கள், தம்பி பக்கம் இருக்கும் கருப்புத் துணியை எடுக்காதீர்கள்.