டெவ்வில் ஓடி, பில்டில் உடையும் இம்போர்ட்: யார் யாருக்கு எங்கே இடித்தது?

கிருஷ்ணகிரியிலிருந்து:
மாங்கூழ் ஆலைக்கு எடைச்சீட்டு போடும் மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். வண்டியின் மொத்த எடையில் காலி எடையைக் கழித்து நிகர எடை சொல்லும் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி ஒன்று. அதை வைட்டில் செய்த திரை, நோட் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுவது) சர்வர், பழைய வெப்பேக் ரிப்போர்ட் பக்கம் மூன்றும் இழுக்கின்றன. டெவ்வில், அதாவது எழுதும்போது ஓட்டிப் பார்க்கையில், சரியாக ஓடும். வெளியீட்டுக்குப் பில்டு போட்டதும் 'இஸ் நாட் எ ஃபங்ஷன்' என்று விழும். வைட் 7 வரை டெவ்வில் டிபென்டென்சிகளைக் கட்டுவது ஈஎஸ்பில்ட், பில்டில் கட்டுவது ரோலப். காமன்ஜேஎஸ் என்பது ரிக்கொயர் வைத்து இழுக்கும் பழைய மாடியூல் வடிவம்; இம்போர்ட் வைப்பது புதிய ஈஎஸ் மாடியூல், சுருக்கமாக ஈஎஸ்எம். காமன்ஜேஎஸ் ஃபைலில் டிஃபால்ட் (பெயர் சொல்லாமல் இழுத்தால் கிடைப்பது) எது என்பதில் இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

டிரான்ஸ்பைல் ஆன (புதிய வடிவத்திலிருந்து பழையதற்கு மாற்றிய) ஃபைலில் 'ஈஎஸ்மாடியூல்' என்ற அடையாளம் இருந்தால் பண்ட்லர்கள் (வெப்பேக், ரோலப் போல ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் கருவிகள்) பொதுவாக எக்ஸ்போர்ட்ஸுக்குள் இருக்கும் டிஃபால்ட்டை எடுத்துத் தரும். நோட் அந்த அடையாளத்தை மதிக்காது. இம்போர்ட் செய்தால் மாடியூல் எக்ஸ்போர்ட்ஸ் மொத்தத்தையும் டிஃபால்ட்டாகக் கொடுத்துவிடும். இம்போர்ட் செய்யும் ஃபைல் எம்ஜேஎஸ் (ஈஎஸ் மாடியூல் என்று காட்டும் நீட்சி) ஆக இருந்தாலோ, அதன் பேக்கேஜ் ஜேசனில் (பேக்கேஜின் விவரங்கள் உள்ள ஃபைல்) டைப் 'மாடியூல்' என்றிருந்தாலோ வெப்பேக்கும் ஈஎஸ்பில்டும் நோட் வழிக்கே போகும். ஒரே வரி ஒரு ப்ராஜெக்டில் ஓடி அடுத்ததில் உடைவது இதனால்தான். லைப்ரரியில் டிஃபால்ட் எக்ஸ்போர்ட்டே வேண்டாம், எல்லாவற்றையும் பெயர் வைத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். இந்தத் தலைவலியில் பெரும்பங்கு அதோடு தீரும்.

பாலக்கோட்டிலிருந்து:
பெயர் வைத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள் என்று கிருஷ்ணகிரி அண்ணா சொன்னதில் ஒரு நிபந்தனை உண்டு. காமன்ஜேஎஸ் ஃபைலை ஓட்டாமல், எழுத்தை மட்டும் படித்துத்தான் நோட் பெயர்களைக் கண்டுபிடிக்கிறது. லூப் போட்டோ, ஆப்ஜெக்ட் அசைன் வைத்தோ எக்ஸ்போர்ட்ஸை நிரப்பினால் அந்தப் பெயர்கள் அதற்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதுவதுதான் பத்திரம்.

அடுத்து, எப்படி இழுத்தால் எந்த ஃபைல் என்று சொல்லும் பேக்கேஜ் ஜேசனின் எக்ஸ்போர்ட்ஸ் பகுதி. அங்கே வரிசை முக்கியம்: முதலில் டைப்ஸ் (டைப்ஸ்கிரிப்டுக்கான ஃபைல்), பிறகு இம்போர்ட், ரிக்கொயர், கடைசியில் டிஃபால்ட். மேலிருந்து படித்து முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்வதால், டிஃபால்ட்டை மேலே வைத்தால் கீழே உள்ளவை எட்டவே எட்டாது. டைப் எதுவும் குறிப்பிடாத பேக்கேஜில் இம்போர்ட்டுக்கான ஃபைல் எம்ஜேஎஸ் ஆக இருக்கட்டும். டைப் 'மாடியூல்' என்று போட்டிருந்தால் ரிக்கொயருக்கான ஃபைல் சிஜேஎஸ் (காமன்ஜேஎஸ் என்று காட்டும் நீட்சி) ஆக இருக்கட்டும். 'மாடியூல்' என்று தனி ஃபீல்டு வைத்தால் பண்ட்லர் படிக்கும், நோட் படிக்காது. எக்ஸ்போர்ட்ஸ் எழுதிய கணமே உள் ஃபோல்டர் பாதைகள் பூட்டிக்கொள்ளும். யாராவது உள்ளிருந்து நேரடியாக எடுத்துக்கொண்டிருந்தால் அந்தப் பாதைகளையும் அங்கே சேர்த்தாக வேண்டும்.

அரூரிலிருந்து:
ஈஎஸ் மாடியூலில் பக்கத்து ஃபைலை இழுக்கும்போது கடைசியில் ஜேஎஸ் என்ற நீட்சியை விடாமல் எழுதுங்கள். வைட் ஊகித்துக்கொள்ளும், நோட் ஊகிக்காது. எம்ஜேஎஸ் ஃபைலிலும் டைப் 'மாடியூல்' பேக்கேஜிலும் வெப்பேக் 5-உம் ஊகிக்காது. டைப்ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் லைப்ரரிக்கு மாடியூல் ரெசல்யூஷனை 'நோட்நெக்ஸ்ட்' என்று வைத்தால், விட்டுப்போன நீட்சியை எழுதும்போதே பிடித்துவிடும். 'பண்ட்லர்' என்று வைத்தால் பிடிக்காது.

ஓசூரிலிருந்து:
இரண்டு வடிவமும் வெளியிடும்போது இன்னொரு ஆபத்து இருக்கிறது. சர்வரில் ஒரு இடம் இம்போர்ட் செய்து, இன்னொரு இடம் ரிக்கொயர் செய்தால் லைப்ரரி இரண்டு முறை லோடாகும். ஒன்றில் பதிந்த கழிவு விகிதம் மற்றதில் இருக்காது, இன்ஸ்டன்ஸ்ஆஃப் (ஒரு பொருள் எந்த கிளாஸைச் சேர்ந்தது என்று பார்க்கும் சோதனை) பொய் சொல்லும். எர்ரரே வராமல் பில் தொகை மட்டும் தப்பாக வரும் என்பதால் இதை நான் மற்ற எல்லாவற்றையும் விட மோசமாகப் பார்க்கிறேன். இப்படிப் பதிந்த மதிப்புகளை நினைவில் வைக்கும் நிரல் முழுவதும் ஒரே சிஜேஎஸ் ஃபைலில் இருக்கட்டும். எம்ஜேஎஸ் ஃபைல் அதை இழுத்து அதே பெயர்களை வெளியே நீட்டினால் போதும்.

நோட் 20.19, 22.12 முதல் ஃபிளாக் இல்லாமலே ஈஎஸ் மாடியூலை ரிக்கொயர் செய்யலாம். உள்ளே டாப் லெவல் அவெய்ட் (ஃபங்ஷனுக்கு வெளியே நேரடியாக எழுதிய அவெய்ட்) இருந்தால் மட்டும் மறுத்துவிடும். எல்லா சர்வரும் அந்தப் பதிப்புக்கு வந்துவிட்டால் ஈஎஸ்எம் மட்டும் வெளியிடுவதே என் தேர்வு.

சோதிக்க என்பிஎம் லிங்க் போதாது. அது சிம்லிங்க் (உங்கள் ஃபோல்டரையே சுட்டும் குறுக்குவழி) மட்டுமே என்பதால், வெளியீட்டில் விடுபட்ட ஃபைலும் அங்கே இருப்பது போலவே தெரியும். என்பிஎம் பேக் போட்டு வரும் டிஜிஇசட் ஃபைலை ஒரு காலி ஃபோல்டரில் இன்ஸ்டால் செய்து, நோட்டில் ஒருமுறை இம்போர்ட், ஒருமுறை ரிக்கொயர், பிறகு வைட் பில்டு, வெப்பேக் பில்டு என்று ஓட்டிப் பாருங்கள். டெஸ்ட் ஓட்ட ஜெஸ்ட் பயன்படுத்தினால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நோட் மாடியூல்ஸ் ஃபோல்டரை அது டிரான்ஸ்பைல் செய்யாமல் விட்டுவிடுவதால், ஈஎஸ்எம் மட்டும் உள்ள பேக்கேஜ் அங்கேதான் முதலில் இடிக்கும்.