லாக் கேபின் குயில்ட்: வீசம் தப்பினால் முக்கால் போகும்

நூல்கண்டு:
லாக் கேபின் என்பது நடுவில் ஒரு சதுரம் வைத்து, அதன் அடுத்தடுத்த இரு பக்கம் வெளிர் பட்டை, மற்ற இரு பக்கம் அடர் பட்டை என்று சுற்றிச் சுற்றித் தைக்கும் கட்டங்களால் ஆன ஒட்டுத்துணிப் போர்வை (குயில்ட்). வெட்டும் அளவு: நடுச்சதுரம் 2½ இஞ்ச், பட்டைகள் எல்லாம் 1½ இஞ்ச் அகலம், தையலுக்கு விடுவது கால் இஞ்ச். முதல் சுற்றில் வெளிர் பட்டை 2½, 3½ நீளம். அடர் பட்டை 3½, 4½. இரண்டாம் சுற்று 4½, 5½, 5½, 6½. மூன்றாவது 6½, 7½, 7½, 8½. கட்டம் 8½ இஞ்ச் வரும். பக்கத்துக் கட்டங்களோடு தைத்தபின் 8. ஆறுக்கு ஆறாக 36 கட்டம் சேர்த்தால் 48 இஞ்ச் சதுரம். 42 இஞ்ச் அகலத் துணியில் வெளிர் 1¼ மீட்டர், அடர் 1½ மீட்டர் வாங்குங்க. அடர் எப்பவும் வெளிப்பக்கம் ஓடுவதால் கூடுதலாகத்தான் பிடிக்கும்.

ஊசிமுனை:
இதில் உயிர்நாடி அந்தக் கால் இஞ்ச்தான். ஒவ்வொரு தையலிலும் 1/16, அதாவது பழைய கணக்கில் ஒரு வீசம், கூடுதலாகப் பிடித்தால், இரண்டு துணியிலும் சேர்த்துத் தையலுக்கு அரைக்கால் (1/8) இஞ்ச் காலி. கட்டத்தின் குறுக்கே ஆறு தையல் இருக்கு. முக்கால் இஞ்ச் போச்சு! ஆறு கட்டம் கொண்ட வரிசையில் நாலரை இஞ்ச். தொடங்கும் முன் மூன்று துண்டுப் பட்டைகளைச் சேர்த்துத் தைத்து, நடுப்பட்டையை அளந்து பாருங்க. சரியாக 1 இஞ்ச் இருக்கணும்.

பாவும்ஊடையும்:
பட்டையை நீளம் வெட்டாமல் அப்படியே ஓட்டித் தைத்துவிட்டுக் கடைசியில் நறுக்கினால் வேகமாகத்தான் முடியும். ஆனால் ஓட்டும்போது பட்டை இழுபட்டு, கட்டத்தின் ஓரம் அலை அலையாக எழும்பும். நீளம் வெட்டி வைத்திருந்தால், முதல் சுற்றிலேயே பட்டை ஓரம் தாண்டி நீட்டிக்கொண்டு தப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். பட்டையைப் பாவு வாக்கில் (துணியின் நீளவாட்டில்) வெட்டுங்க, ஊடை வாக்கில் (அகலவாட்டில்) துணி அதிகம் இழுபடும். இஸ்திரியைத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுங்க. தையல் மடிப்பு எப்பவும் வெளிப்பக்கம் சாயணும்.

நூல்கண்டு:
இன்னொன்று: கடைசியாகச் சேர்த்த பட்டை எப்பவும் ஊசிக்குள் முதலில் போகட்டும். சுற்றும் திசை மாறவே மாறாது.

பழந்துணி:
அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் தைத்தவற்றில் பல, காடாத் துணி மாதிரியான அடித்துணி மேல் பட்டையை வைத்துத் தைத்தவை. பட்டும் கம்பளியும் கலந்த துண்டுகள் அப்போதுதான் நழுவாமல் நிற்கும். கனம் கூடிவிடுவதால் முழுக்கத் தையல் ஓட்டாமல், இடம்விட்டு இடம் நூலால் முடிச்சுப் போட்டு நிறுத்துவார்கள். முடிச்சுக்கு முடிச்சு எவ்வளவு விடலாம் என்பது உள்ளே வைக்கும் பஞ்சு ஷீட்டின் உறையிலேயே இருக்கும். நடுச்சதுரம் சிவப்பு என்றால் வீட்டு அடுப்பின் நெருப்பு என்று சொல்வது வழக்கம். கறுப்பு நடு, தப்பி ஓடிய அடிமைகளுக்கு ரகசிய அடையாளம் என்ற கதைக்கு ஆதாரம் கிடையாது.

ஊசிமுனை:
அந்தச் சிவப்பை வெட்டுமுன் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்க. கறை ஒட்டினால் வேறு துணி எடுப்பதே நல்லது.

பாவும்ஊடையும்:
வெளிர், அடர் பிரிப்பதில் இடைநிறத் துணிகள்தான் ஏமாற்றும். எல்லாவற்றையும் பரப்பி போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்க. இரண்டு குவியலிலும் சேராதது உடனே தெரியும். வெளிரும் அடரும் நடுவிலிருந்து வைரம் வைரமாக விரியும் ‘பார்ன் ரெய்சிங்’ அடுக்குக்கு, குறுக்கிலும் நெடுக்கிலும் கட்டங்கள் இரட்டைப்படையாக இருக்கணும். இணைக்கும் முன் தரையில் அடுக்கி இன்னொரு படம். எந்தக் கட்டமாவது திரும்பிக் கிடந்தால் இப்பவே திருப்பி வைத்துவிடலாம், பிரிக்கிற வேலை மிச்சம்.