மறு: ரிமோட் கார் கூண்டு, முன்பூச்சு, பின்பூச்சு, சாரல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ரிமோட் காரின் தெளிந்த பிளாஸ்டிக் மேற்பாகத்துக்கும், அதற்கு வண்ணம் அடிக்கும் வேலைக்கும் நம் சொற்பட்டியலில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற பேச்சில், ஈரோட்டு அன்பர் அந்த மேற்பாகத்தைப் பற்றி எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன்.

> உள்ளே இருப்பது தெரிகிறது, மேலே மூடுகிறது. ஆகவே "ஒளிபுகு மேலுறை" பொருந்தும்.

கடையில் வாங்கும்போது ஒளி புகும், சரி. வண்ணம் அடித்தபின் புகாது. பொருள் என்னவோ அதே பொருள்தான். ஒரு நாள் வேலையில் பொய்த்துப்போகும் பெயரை அதற்கு வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. "உறை" என்பதும் இடிக்கிறது. தலையணை உறையோ கத்தி உறையோ உள்ளிருப்பதை ஒட்டி நிற்கும். ரிமோட் காரின் மேற்பாகம் சேஸிஸிலிருந்து (அடிச்சட்டத்திலிருந்து) எழும் சிறு கம்பங்களில் கிளிப் போட்டு நிற்கிறது. மோட்டார், பேட்டரி எதையும் அது தொடுவதில்லை.

நம் பக்கத்திலேயே இதற்குச் சொல் இருக்கிறது. கரூரில் பேருந்துக்குக் கூண்டு கட்டுகிறார்கள். இங்கே சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரிப் பட்டறையில் "பாடி" என்றுதான் பேசுவார்கள். எழுத்தில் வரும்போது அது "கூண்டு கட்டும் தொழில்" ஆகிவிடுகிறது. சேஸிஸ் தனி, கூண்டு தனி என்ற பிரிவும் அந்தச் சொல்லில் தெளிவாக இருக்கிறது. எனவே பொதுப்பெயர் கூண்டு. வண்ணம் அடிக்காத நிலையில் மட்டும் தெளிகூண்டு. தெளிநீர் போல வினைத்தொகை, க் மிகாது.

"லெக்சான் பாடி" என்றே பலரும் சொல்கிறோம். லெக்சான் வணிகப்பெயர். 1953-இல் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், ஜெனரல் எலெக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே கண்டது, இந்தக் கூண்டு செய்யும் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட். பேயரில் அது மேக்ரோலான் ஆனது, ஜெனரல் எலெக்ட்ரிக்கில் லெக்சான் ஆனது. நம் பட்டியலில் பாலிகார்பனேட் என்றே இருக்கட்டும்.

இனி பூச்சுக்கு வருகிறேன். இந்த இடத்தில் சொல் தவறினால் வேலையே தவறும்.

தெளிகூண்டுக்கு வண்ணம் அடிப்பது உட்புறத்தில். வெளியே இருக்கும் பாலிகார்பனேட்தான் வண்ணத்துக்குக் காப்பு. கார் கவிழ்ந்து தார்ச்சாலையில் தேய்ந்தாலும் கீறல் பிளாஸ்டிக்கில் விழும், நிறம் தப்பிவிடும். வார்னிஷ் இல்லாமலே பளபளப்பதும் அதனால்தான். ஆனால் வரிசை தலைகீழாகிவிடுகிறது. பைக் டேங்குக்கு முதலில் பிரைமர், கடைசியில் கோடும் எழுத்தும். இங்கே கோடும் எழுத்தும் முதலில், பரந்த நிறம் பிறகு, எல்லாவற்றுக்கும் பின்னே வெள்ளையோ வெள்ளியோ கருப்போ. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியக்காரர்களும் கண்ணாடியின் பின்புறத்தில் இந்த வரிசையில்தான் தீட்டினார்கள்.

> பிரைமருக்கு அடிப்பூச்சு, கடைசிப் பூச்சுக்கு மேற்பூச்சு என்று ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது, இங்கே உதவாது. கூண்டைக் கவிழ்த்து வைத்து அடிக்கிறோம், நிமிர்த்திப் பார்க்கிறோம். எது அடி, எது மேல்? புதிதாக வருபவர் "அடிப்பூச்சு" என்று படித்துவிட்டு வெள்ளையை முதலில் அடித்தால் கூண்டு வெள்ளையாகவே நின்றுவிடும். அதற்குமேல் என்ன அடித்தாலும் வெளியே தெரியாது.

என் பரிந்துரை முன்பூச்சு, பின்பூச்சு. தமிழில் முன், பின் இரண்டும் காலத்தையும் சொல்லும், இடத்தையும் சொல்லும். சுவரில் இவை மோதிக்கொள்ளும்: முன்னால் பூசியது பின்னால் போய் மறைந்துவிடும். கூண்டில் மோதலே இல்லை. முன்னால் பூசியது கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, பின்னால் பூசியது பின்னால் நிற்கிறது. காலமும் இடமும் ஒத்துப்போகிற இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான இணை கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பின்பூச்சு வெறும் நிரப்பல் அல்ல என்பதையும் பட்டியலின் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். பளீர் ஆரஞ்சுக்குப் பின்னே வெள்ளை இல்லாவிட்டால் ஆரஞ்சு செத்துப்போகும். ஊடுருவித் தெரியும் நீலத்துக்கு வெள்ளிப் பின்பூச்சு கொடுத்தால் மின்னும். அதே நீலத்துக்குக் கருப்புக் கொடுத்தால் இருண்டுவிடும். அடர்நிறம் முதலில், வெளிர்நிறம் பிறகு என்ற விதியும் இதிலிருந்து வருவதே.

அடுத்தது, வெளிப்பக்கத்தில் ஒட்டி வரும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். ஸ்ப்ரே அடிக்கும்போது விளிம்பைத் தாண்டிப் போகும் வண்ணத்தூசு கூண்டின் வெளிப்புறத்தில் படாமல் அது காக்கிறது. அந்தத் தூசை "மிகைத்தெளிப்பு" என்று ஒருவர் எழுதியிருந்தார். திண்ணையில் உட்கார்ந்தால் மழை படாது, சாரல் படும். அந்தச் சாரல்தான் இது. எனவே வண்ணச் சாரல், சாரல் தாள். வேலை முடிந்து, ஓரத்தில் நகத்தை விட்டு அந்தத் தாளை உரிக்கும்போது மங்கலாக இருந்த கூண்டு பளிச்சென்று மின்னிக்கொண்டு வெளியே வரும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நொடி எனக்கு அலுப்பதில்லை. ஸ்டிக்கர் ஒட்டுவது அதற்கு அப்புறம், வெளிப்பக்கத்தில்.

சன்னலில் வண்ணம் படாமலிருக்க உட்புறம் ஒட்டுவதை "மறைப்பு" என்றே வைத்துக்கொள்ளலாம். அதில் சிக்கல் இல்லை. உட்புறத்தைப் பாத்திர சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மறைப்பின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிய பிறகே அடிக்க வேண்டும். இல்லையென்றால் நிறம் உள்ளே ஊறும்.

வெண்பூப்பு என்ற சொல்லையும் சேர்க்கச் சொல்கிறேன். ஏற்காட்டில் மூடுபனி இறங்கிய நாளில் அடித்தால் வண்ணத்தின்மேல் வெண்மை படர்கிறது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அங்கே படிவதால் வருவது. நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அந்தப் பூத்தல். கீழே சேலத்தில் ஏப்ரல், மே வெயிலில் வேறு தொல்லை: துளி போய்ச் சேருமுன்பே உலர்ந்து பரப்பு சொரசொரப்பாகிறது. இதற்கு "வறட்தூவல்" என்று தோன்றுகிறது, ஆனால் நாவில் உருளவில்லை. நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

பட்டறைகளில் வண்டிக்கு அடிக்கும் டியூக்கோ பெயிண்ட் ஆகாது என்பதை விளக்கத்தில் அழுத்தமாக எழுத வேண்டும். கூண்டு வளையும், அந்தப் பூச்சு வளையாமல் செதில் செதிலாக உதிரும். கடுமையான தின்னர் பாலிகார்பனேட்டிலேயே நுண்விரிசல் விடும். ரிமோட் கார் செய்யும் ஜப்பானிய நிறுவனமான டமியாவின் பி.எஸ். (PS) வண்ண வரிசை போலப் பாலிகார்பனேட்டுக்கென்றே செய்தது வேண்டும். அவர்களின் டி.எஸ். (TS) வரிசை வேறு பிளாஸ்டிக்குக்கானது. எழுத்து மாறி வாங்கிவிடக் கூடாது.

கடைசியாக, காப்பு. விரிசல் தொடங்குவது சக்கர வளைவிலும், கம்பத்துளையைச் சுற்றியும், முன்முனையிலும். வெட்டிய விளிம்பில் ஒரு சிறு பிசிறு இருந்தாலும் அங்கிருந்து கிழியும், அதனால் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்க வேண்டும். பின்பூச்சு நன்றாகக் காய்ந்தபின், ஃபால்ஸ் சீலிங் மூட்டுக்கு ஒட்டும் கண்ணாடியிழை வலைநாடாவை அந்த இடங்களில் உட்புறம் வைத்து, ஷூ கூ போன்ற ரப்பர் பசையை மெல்லிசாகத் தேய்த்தால் கூண்டின் ஆயுள் நீளும். "வலுவூட்டல்" என்பது பொதுச்சொல். எதை, எங்கே என்று சொல்லாது. இதற்கு வலையொட்டு என்று முன்வைக்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் இந்த வாரத்துக்குள் எழுதிவிட்டால் பட்டியலை அடுத்த வாரம் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
சேலத்திலிருந்து