மறு: பட்டன் பேட்டரி விழுங்கிய குழந்தைக்கு ஏற்படுவது ‘தீக்காயம்’தானா?

வணக்கம். பட்டன் பேட்டரியை (பொத்தான்போல் தட்டையாக, வட்டமாக இருக்கும் சின்னப் பேட்டரி) குழந்தை விழுங்கினால் வரும் காயத்தையும் அதன் பின்விளைவுகளையும் தமிழில் எந்தச் சொற்களால் எழுதலாம் என்று இந்த இழையில் பேசிக்கொண்டிருக்கிறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘உணவுக்குழாய்த் தீக்காயம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். பேட்டரி உள்ளே போய்ச் சூடாகிச் சுட்டுவிட்டது என்றுதான் படிப்பவர் நினைப்பார். இழையில் அடுத்து வந்த ‘அமிலப்புண்’ இன்னும் மோசம், நடப்பதற்கு நேர் எதிர்.

20 மி.மீ. அகலமுள்ள 3 வோல்ட் லித்தியம் பேட்டரி சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் எளிதாக மாட்டிக்கொள்ளும். ஈரமான சுவர் இரண்டு முனைகளிலும் பட்டதும் மின்சாரம் பாயும். பேட்டரியின் எதிர்மின்முனை (நெகட்டிவ்) பக்கம் நீர் பிரிந்து ஹைட்ராக்சைடு சேரும், அதாவது காரம். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசு கூழாகக் கரைந்து பெரிய சேதம் ஆகிவிடலாம். பேட்டரி உடைந்து எதுவும் கசிய வேண்டியதில்லை. தீர்ந்துபோனது என்று கழற்றிப் போட்ட பேட்டரிக்கும் இந்த வேலைக்கு வலு மிச்சம் இருக்கும்.

அதனால் என் முன்மொழிவு: ‘மின்காரக் காயம்’. கழிவுநீர்க் குழாய் அடைப்பு நீக்கும் ரசாயனத்தைக் குடித்து வருவதற்கு வெறும் ‘காரக் காயம்’ போதும். காரம் என்றால் மிளகாய் நினைவு வராதா என்று ஒருவர் கேட்டிருந்தார். வரும்தான். ஆனால் பள்ளி வேதியியலில் எல்லோரும் படித்த சொல், முன்னால் ‘மின்’ நின்றால் மிளகாய் ஒதுங்கிக்கொள்ளும். ‘கார அரிப்பு’ மட்டும் வேண்டாம், படிக்கும்போதே கை சொறியப் போகிறது.

சிகிச்சையை எழுதும்போதுதான் இதன் அருமை தெரியும். ஒரு வயது தாண்டிய, விழுங்கச் சிரமமில்லாத குழந்தை பேட்டரியை விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மி.லி. தேன், அதிகம் போனால் 6 முறை, கொடுக்கச் சொல்கிறார்கள். தேன் காரத்தைத் தணிக்கும், சுவரில் பூச்சாகவும் படியும். அதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போடக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. பேட்டரியை எடுத்தபின், குழாயில் ஓட்டை விழவில்லை என்று தெரிந்தால், 0.25% அசிட்டிக் அமிலத்தால் அந்த இடத்தைக் கழுவுவதுண்டு. ‘அமிலப்புண்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் அமிலம் ஊற்றிக் கழுவினார்கள் என்றால் வாசகர் நம்மைத்தான் திட்டுவார்.

> ஸ்ட்ரிக்சர் – அடைப்பு

இல்லை. நாணயம் தொண்டைக்குக் கீழே நின்றுவிட்டால் அது அடைப்பு. ஸ்ட்ரிக்சர் என்பது புண் ஆறும்போது, சில வாரங்கள் கழித்து, தழும்பு இழுத்துக் குழாயைச் சுருக்குவது. பலூனை உள்ளே விட்டு விரிப்பார்கள், பெரும்பாலும் ஒரு தடவையோடு முடியாது. ‘தழும்புக் குறுக்கம்’ என்றால் காரணமும் சேர்ந்தே வருகிறது.

எக்ஸ்ரேயில் நாணயத்தையும் பேட்டரியையும் பிரித்துக் காட்டும் விளிம்புக்கு ‘ஒளிவட்டம்’ என்று வந்திருக்கிறது. சாமி படம்போல இருக்கிறது. ‘இரட்டை வளையம்’ போதுமே, படத்தில் தெரிவதும் அதுதான்.

‘பொத்தான் மின்கலம்’ பாடநூலுக்குச் சரி. பெற்றோர் படிக்கும் எச்சரிக்கையில் ‘பட்டன் பேட்டரி’ என்றே இருக்கட்டும், அங்கே தனித்தமிழுக்காகப் பிடிவாதம் வேண்டாம்.

அப்புறம், ஃபிஸ்டுலா என்பதற்குத் தமிழ்ச் சொல் இன்னும் பாக்கி. பேட்டரியை எடுத்துச் சில நாள், சில வாரம் கழித்துக்கூட உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையே வழி திறந்துவிடலாம். பெருந்தமனிக்குத் திறந்தால் உயிருக்கே ஆபத்து. ‘பவுத்திரம்’ என்றால் எல்லோருக்கும் மூல வைத்தியம் செய்யும் கடைதான் ஞாபகம் வரும். ‘புரைவழி’ எப்படி? அறுவை மருத்துவர்கள் யாராவது சொல்லுங்கள்.