டவுன்டவுனில் பழைய செருப்புக் கடை, வெள்ளிக்கிழமை பஜனை, ஸோனிங் மறுப்பு: என்ன செய்யலாம்?

ஜெர்சிக்காரி:

நியூ ஜெர்சியில் ஒரு சின்ன ஊர். விஷயம் இன்னும் முடியவில்லை, அதனால் ஊர்ப் பெயர் வேண்டாம். பன்னிரண்டு வருஷமாக வீடு மாற்றி வீடு வெள்ளிக்கிழமை பஜனை நடத்துகிறோம். முப்பது பேர் வருவார்கள், நவராத்திரியில் அறுபதைத் தாண்டும். கார்களைப் பார்த்து அக்கம்பக்கத்தார் முகம் சுளிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் மெயின் ஸ்ட்ரீட்டில் மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு செருப்புக் கடையை வாடகைக்குப் பேசினோம். ஷூ அடுக்கும் பலகைகள்கூடச் சுவரில் அப்படியே இருக்கின்றன. நாம் கழற்றி வைக்கவும் ஆச்சு என்று என் கணவர் சிரித்தார்.

ஊரில் எந்தப் பகுதியில் எது நடக்கலாம் என்று பார்க்கும் ஸோனிங் அதிகாரி ஒரே பக்கக் கடிதத்தில் மறுத்துவிட்டார். மத்திய வணிகப் பகுதியில் வழிபாட்டுத் தலம் அனுமதிக்கப்பட்ட பயன்பாடு இல்லையாம். ஊர் விதிகளை இறக்கிப் படித்தேன். அதே பகுதியில் சினிமா தியேட்டர், நடனப் பள்ளி, ஜிம், சங்கங்களின் கூட்ட அரங்கு எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. இரண்டு கடை தள்ளி யோகா சொல்லித்தருகிறார்கள். அங்கே ஓம் சொன்னால் உடற்பயிற்சி, நாங்கள் சொன்னால் விதிமீறல்!

கவுன்ட்டரில் இருந்த அம்மா வாய்வார்த்தையாகச் சொன்ன காரணம் வேறு. மூலையில் காலியாக நிற்கும் பாங்க் கட்டடத்துக்கு மதுபான லைசென்ஸோடு ஒரு உணவகத்தைக் கொண்டுவரப் பார்க்கிறார்களாம். நாங்கள் வந்தால் அது கெட்டுப்போகுமாம்.

'கலாச்சார மையம்' என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள் கமிட்டியில் இரண்டு பேர். மாதக் கடைசிக்குள் லீஸில் கையெழுத்துக் கேட்கிறார் கட்டடக்காரர். போடலாமா?

பழைய கமிட்டி ஆள்:

போடாதீர்கள். போட்டே ஆகவேண்டுமென்றால், ஊர் அனுமதி கிடைத்தால்தான் லீஸ் செல்லும் என்று ஒரு வரி சேர்த்த பிறகு போடுங்கள். அரிசோனாவின் யூமா நகரில் ஒரு சர்ச், பழைய டவுன்டவுனில் இருந்த முன்னாள் ஜே.சி. பென்னி கடையை வாங்கியது. நகரம் பெர்மிட் தரவில்லை. சர்ச் கோர்ட்டுக்குப் போனது, 2011-இல் அப்பீலில் ஜெயித்தது. ஆனால் அதற்குள் கடன் கட்ட முடியாமல் கட்டடம் கைவிட்டுப் போயிருந்தது.

அந்த ஊர் விதியில் இருந்த ஒரு வரி எனக்கு மனப்பாடம்: உறுப்பினர் அமைப்புகளுக்கு அனுமதி உண்டு, 'மத அமைப்புகள் நீங்கலாக'. அந்த மூன்று சொல்தான் நகரத்தைக் கவிழ்த்தது. 2000-இல் கிளின்டன் கையெழுத்திட்ட கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது, வக்கீல்கள் ஆர்லூப்பா என்பார்கள். மதம் சாராத கூட்டத்துக்கு ஒரு விதி, மதக் கூட்டத்துக்கு அதைவிட மோசமான விதி என்று ஊர் வைக்கக்கூடாது என்கிறது அது. ஃப்ளோரிடாவின் சர்ஃப்ஸைடு ஊரும் இதில்தான் 2004-இல் தோற்றது. வணிகப் பகுதியில் தனியார் கிளப்புக்கு இடம் உண்டு, யூதர்களின் ஜெபக்கூடத்துக்கு இல்லை என்று வைத்திருந்தார்கள்.

ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். நியூ ஜெர்சி மூன்றாவது சர்க்யூட் என்ற கூட்டாட்சி அப்பீல் கோர்ட்டின் கீழ் வருகிறது, இங்கே அளவுகோல் கொஞ்சம் வேறு. உங்கள் மாநிலத்திலேயே லாங் பிராஞ்ச் நகரத்தின் மீது ஒரு சர்ச் போட்ட வழக்கில் 2007-இல் தீர்ப்பு இரண்டாகப் பிரிந்தது. கூட்ட அரங்கை அனுமதித்து, சர்ச்சுக்கு மட்டும் இடம் மறுத்த பழைய விதி செல்லவில்லை. ஆனால் உணவகமும் பொழுதுபோக்குமாக ஒரு தெருவை மாற்ற ஊர் போட்ட புதிய திட்டம் செல்லும் என்றார்கள். காரணம், வழிபாட்டுத் தலத்துக்கு 200 அடிக்குள் புது மதுபான லைசென்ஸ் தரக்கூடாது என்ற மாநிலச் சட்டம். உங்கள் கவுன்ட்டர் அம்மா சொன்னது வெறும் வம்பு இல்லை. ஆகவே உங்கள் வணிகப் பகுதியின் நோக்கம் என்று விதியின் தொடக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'பொதுவான வணிகம்' என்று மட்டும் இருந்தால் ஒரு கதை, உணவகத் தெரு என்று இருந்தால் இன்னொரு கதை.

கோர்ட்டுக்கு முன் ஸோனிங் போர்டு இருக்கிறது. அதிகாரியின் முடிவே தவறு என்று அப்பீல் போக 20 நாள்தான், கடிதத்தின் தேதியைப் பாருங்கள். இல்லாவிட்டால் யூஸ் வேரியன்ஸ், அதாவது விதியில் இல்லாத பயன்பாட்டுக்குத் தனி விலக்கு கேட்கலாம், அதற்கு ஏழு பேர் போர்டில் ஐந்து ஓட்டு வேண்டும். வழிபாட்டுத் தலம் தன்னளவிலேயே பொதுநன்மை தரும் பயன்பாடு என்று நியூ ஜெர்சி கோர்ட்டுகள் ஏற்றிருப்பதால் உங்கள் கை கொஞ்சம் ஓங்கியே இருக்கும். ரெடிங்டன் ஊரில் ஒரு காளி கோயில் தொடுத்த வழக்கில் 1994-லேயே அப்பீல் கோர்ட் அதைச் சொன்னது.

கலாச்சார மையம் வேண்டவே வேண்டாம். வேறொரு மாநிலத்தில் நாங்கள் 'யோகா வகுப்பு' என்று எழுதிக் கொடுத்தோம். மூன்றாவது வாரம் நடைபாதையில் நாற்பது ஜோடி செருப்பு, பக்கத்து பேக்கரி வாசல்வரை. அவர் போட்டோ எடுத்து அனுப்பினார், இன்ஸ்பெக்டர் வந்தபோது ஆரத்தி நடந்துகொண்டிருந்தது. அதற்கப்புறம் நாங்கள் என்ன சொன்னாலும் அந்த ஊரில் யாரும் நம்பவில்லை. வழிபாட்டுத் தலம் என்று கேட்டால்தானே வழிபாட்டுத் தலம் என்பதால் மறுத்தார்கள் என்று சொல்ல முடியும்?

தையல் கடை:

சட்டம் எனக்குத் தெரியாது. இப்படி ஒரு தெருவில் பதினோரு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம், சாமி எங்களுக்குப் பிரச்சினை இல்லை, கண்ணாடிதான். என் கடைக்கு அடுத்த கதவில் ஒரு பிரார்த்தனைக் குழு வந்தது. தங்கமான மனிதர்கள். ஞாயிறு காலை தவிர ஆறரை நாள் இருட்டு, கண்ணாடியில் உள்ளே தெரியாதபடி பழுப்புக் காகிதம். ஜன்னல் பார்த்துக்கொண்டே நடந்து வருகிறவர்கள் அந்த இருட்டைக் கண்டதும் தெரு முடிந்தது என்று திரும்பிப் போய்விடுவார்கள். என் கடை அந்தக் காகிதத்தைத் தாண்டி இருக்கிறது.

நீங்கள் முன்பக்கம் பத்தடியை வெளிச்சமாக வையுங்கள். பாட்டு வகுப்போ புத்தக அலமாரியோ, பகலில் ஒரு ஆள் இருக்கட்டும். நவராத்திரிக்கு அந்த ஷூ பலகையிலேயே கொலு வைத்தால் தெருவே நின்று பார்க்கும். ஹியரிங்குக்கு முன் 200 அடிக்குள் உள்ள உரிமையாளர்களுக்கு எப்படியும் நோட்டீஸ் போகும். தபால் வருவதற்கு முன்னால் நீங்களே போய்ப் பேசிவிடுங்கள்.

வரைபட மேஜை:

ஸோனிங் கிடைத்தாலும் கட்டட விதி காத்திருக்கிறது, யாரும் அதைப் பேசக் காணோம். கடை ஒரு வகை, மக்கள் கூடும் இடம் வேறு வகை. ஆனால் கணக்கில் 50 பேருக்குக் குறைவாக வந்தால் அலுவலக வகையிலேயே விட்டுவிடுவார்கள். 50 ஆகிவிட்டால் இரண்டாவது வாசல், வெளிப்பக்கம் திறக்கும் கதவு, தள்ளினால் திறக்கும் கம்பி என்று செலவு ஏறும்.

இத்தனைக்கும் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதல்ல கணக்கு. தளத்தின் சதுர அடியை வகுப்பார்கள். மேஜை நாற்காலி போட்டால் ஆளுக்கு 15, நாற்காலி மட்டும் என்றால் 7. உங்கள் கூடம் 700 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் முதல் கணக்கில் 46 பேர், இரண்டாவதில் 100. ஜமக்காளத்துக்கு அந்த அட்டவணையில் வரியே இல்லை! அதிகாரி எதில் சேர்க்கிறாரோ அதுதான். லீஸுக்கு முன்னாலேயே ஒரு வரைபடத்தோடு போய்க் கேளுங்கள். கற்பூரம், ஹோமம் பற்றி ஃபயர் மார்ஷலிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அலாரம் அடித்து வண்டி வந்த பிறகு விளக்கிக்கொண்டிருக்கக் கூடாது.

ஜெர்சிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. கடிதத் தேதிப்படி இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, ஒரு வக்கீலைப் பார்த்தாயிற்று. கட்டடக்காரர் அந்த வரியைச் சேர்க்கச் சம்மதித்துவிட்டார். விதியின் தொடக்கத்தில் 'பொதுவான சில்லறை வணிகமும் சேவைகளும்' என்று மட்டும்தான் இருக்கிறது, உணவகத் தெரு என்ற பேச்சே இல்லை. கலாச்சார மையம் என்ற யோசனையைக் கமிட்டியில் கைவிட்டுவிட்டோம். ஒருவருக்கு இன்னும் வருத்தம்தான்.

இன்னொன்று. அந்த 200 அடியைப் பறவை பறக்கிற நேர்கோட்டில் அளப்பதில்லையாம். வாசலிலிருந்து வாசலுக்கு, ஒரு ஆள் முறையாக நடந்து போகும் வழியில்தான் அளக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பை வழிபாட்டுத் தலமே விட்டுக்கொடுக்கவும் சட்டத்தில் இடம் உண்டு என்றார் வக்கீல். நேற்று மாலை நானும் மகளும் டேப்போடு போனோம். சாலையைக் குறுக்கே தாண்டினால் பாங்க் கட்டடம் 165 அடி. சிக்னல்வரை போய் வரிக்கோட்டில் கடந்து திரும்பி வந்தால் 238. இரண்டு தடவை அளந்தோம். தையல் கடைக்காரர் சொன்னபடி, போகிற வழியில் எல்லாக் கடையிலும் ஏறி வணக்கம் சொல்லிவிட்டும் வந்தோம். யோகாக்காரர் மட்டும் இல்லை, வகுப்பில் இருந்தார்.