எக்ஸ்ப்ளோட்: வெடிப்பா, விரிப்பா?

> பப்மெட் (மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளம்) தேடலில் வரும் 'எக்ஸ்ப்ளோட்' என்பதற்குத் தமிழில் 'வெடிப்புத் தேடல்' என்று வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, வணக்கம்.

வெடிப்பு வேண்டாமே. நான் மருத்துவக் கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன். இங்கே வெடிப்பு என்றால் பாதவெடிப்புதான். முன்னே ஒருவர் சொன்ன 'விரிப்பு' தேவலை, ஆனால் கூடவே ஜமுக்காளமும் வந்துவிடுகிறது.

அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் மெஷ் என்ற தலைப்புச்சொல் பட்டியலை வைத்திருக்கிறது. ஒரு நோய்க்கு எத்தனை பெயர் இருந்தாலும் தலைப்பு ஒன்றுதான். 'ஹார்ட் அட்டாக்' என்று தட்டினால், பப்மெட் தானாகவே 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்ற தலைப்பையும் சேர்த்துத் தேடும். நம் நிகண்டுகளின் 'ஒருபொருட் பல்பெயர்' ஏற்பாடுதான் இது. இந்தத் தலைப்புகளை மரம்போல மேலும் கீழுமாக அடுக்கியிருக்கிறார்கள். 'டயபடிஸ் மெலிடஸ்' என்பதற்குக் கீழே முதல் வகை, இரண்டாம் வகை, கர்ப்பகால நீரிழிவு எல்லாம் வரும். மேலே உள்ளதைக் கேட்டால் கீழே உள்ளவற்றையும் அள்ளிக்கொண்டு வருவதுதான் எக்ஸ்ப்ளோட். எதுவும் வெடிக்கவில்லை.

அதனால் 'கிளைசேர் தேடல்' என்கிறேன். கிளை என்றால் மரக்கிளை, சொந்தபந்தமும்கூட. இரண்டுமே இங்கே பொருந்தும்.

இன்னொன்று: பப்மெட்டில் இது நாம் கேட்காமலே நடக்கும். கீழே உள்ளவை வேண்டாம் என்றால்தான் மெஷ் பக்கத்தில் கட்டத்தில் டிக் போட வேண்டும். போன மாதம் ஒரு முதுநிலை மாணவி, அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நீளமான ஆங்கில வரியைப் படித்துவிட்டு, ஒரே கட்டுரை இரண்டு தரம் வராமல் இருக்க என்று நினைத்து டிக் போட்டுவிட்டார். "கர்ப்பகால நீரிழிவு ஏன் சார் இவ்வளவு குறைச்சலா வருது?" என்று வந்து நின்றார். ஆக, எதிர்ச்சொல்தான் நமக்கு முதலில் வேண்டும். 'கிளைதவிர் தேடல்' எளிதாக அமைகிறது. 'வெடிக்காத தேடல்' என்றால் நமத்துப்போன பட்டாசு.

---

> கிளைசேர், கிளைதவிர்

இரண்டும் நன்று, வெடிப்பைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு சந்தேகம் மட்டும். நூலகத்துக்கே கிளை உண்டே? 'கிளை நூலகங்களையும் சேர்த்துத் தேடு' என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

---

ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை, நூலகத்தில் உட்கார்ந்துகொண்டே! கீழே வரும் தலைப்பைக் 'கிளைத்தலைப்பு' என்று முதலில் சொல்லிவிட்டால்? 'கிளைத்தலைப்பு சேர்த்துத் தேடல்' என்று ஒருமுறை முழுசாக எழுதிவிட்டு, அப்புறம் 'கிளைசேர்' என்று சுருக்கிக்கொள்ளலாம். நாளைக்கு வரும் புது மாணவர்களிடம் அப்படியே சொல்லிப் பார்க்கிறேன்.