பெண்ணியல் எம்.ஏ.யும் ரதவீதி ராசாவின் 1500 பீடியும்

முக்கூடல் மகள்:
நம்ம இணையக் குழுவின் கல்லூரிச் சேர்க்கை இழையில் ஒரு பிள்ளை, பெண்ணியல் எம்.ஏ., அதாவது பெண்கள் நிலையை ஆராய்கிற முதுகலைப் படிப்பு, எடுக்கலாமா, பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று மரியாதையாகத்தான் கேட்டது. அதற்கு ரதவீதி ராசா அண்ணாச்சி எழுதியதை அப்படியே போடுகிறேன்: "அதெல்லாம் அமெரிக்காக்காரன் கழித்துப் போட்ட சரக்கு. எங்க அம்மா ஒரு நாளைக்கு 1500 பீடி தனியாளாகச் சுற்றி நாலு பிள்ளைகளைக் கரையேற்றினாள். அவள் என்ன பெண்ணியலா படித்தாள்?" அந்தப் பிள்ளை அதோடு வாயே திறக்கவில்லை.

நான் காரைக்குடி அழகப்பாவில் அதைத்தான் படித்தேன், அதனால் சொல்கிறேன். அமெரிக்காவில் சான் டியேகோவில் 1970-ல் இந்தத் துறை வந்தது உண்மைதான். ஆனால் இங்கே அது எதனால் வந்தது? 1971-ல் மத்திய அரசு பெண்கள் நிலையை ஆராய ஒரு குழு போட்டது. 1974-ல் அறிக்கை வந்தது. சுதந்திரம் வாங்கி இத்தனை வருஷத்தில் எல்லாம் முன்னேறியிருக்கும் என்று நினைத்தவர்கள் அதைப் படித்து அதிர்ந்துபோனார்கள். 1901-ல் 1000 ஆணுக்கு 972 பெண், 1971-ல் 930. இந்தக் கணக்கைக் கவனிக்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாற்காலிகூட இல்லையே என்றுதான் துறை கேட்டார்கள். அதே 1974-ல் மும்பை எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மையம் வந்தது. 1984-ல் கொடைக்கானலில் அன்னை தெரசா பெண்கள் பல்கலைக்கழகம். 1986 கல்விக் கொள்கைக்கு அப்புறம் பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி பணம் கொடுத்து ஊர் ஊராக மையங்கள். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் இது தனிப் பாடம். இதில் எது அமெரிக்காக்காரன் கழித்தது?

அப்புறம், 1500 தனியாளாக என்பதை நான் நம்பவில்லை. நானும் பீடி சுற்றுகிற ஊர்தான்.

ரதவீதி ராசா:
எல்லாம் சரி, கடைசி வரி என்ன? நம்பவில்லையா? எங்க அம்மாவைப் பொய்க்காரி என்கிறீர்களா? 1500. நான் கண்ணால் பார்த்தவன். விடியற்காலம் சுளகை மடியில் வைத்தால் சாப்பிடத்தான் இறக்குவாள். நாங்கள் பொட்டல்புதூர் பக்கம், டவுனுக்கு வந்தது அப்புறம். 972, 930 எல்லாம் டெல்லிக் கணக்கு. நம்ம திருநெல்வேலியில் 2011 கணக்கெடுப்பில் 1000 ஆணுக்கு 1023 பெண். இந்த மண்ணில் பெண் குறைந்ததே இல்லை, கூடத்தான் இருக்கிறாள். ஊர்க்கணக்கு தெரியாமல் எம்.ஏ. என்ன எம்.ஏ.?

கடையம் பஸ் ஸ்டாண்டு:
அண்ணாச்சி, மணிக்கு 100 பீடி வைத்தாலும் 1500க்கு 15 மணி நேரம் வருகிறது. மிச்சம் 9 மணி நேரத்தில் சோறு பொங்கி, தண்ணி எடுத்து, நாலு பேரைக் கிளப்பி, அம்மாவும் கொஞ்சம் கண்ணசர வேண்டாமா? அந்தக் காலத்தில் பொட்டல்புதூரில் நாளுக்கு 30 மணி நேரம் போலிருக்கு. நான் என்ஜினியரிங் படித்துவிட்டு மொபைல் கடையில் உட்கார்ந்திருக்கிறேன், கணக்கு மட்டும் மறக்கவில்லை.

ரதவீதி ராசா:
மணிக்கு 100 என்று எவன் சொன்னான்? அது உம்ம மாதிரி ஆள் சுற்றினால். கை வேகம் என்று ஒன்று உண்டுவே.

பாளை வாத்தியார்:
இரண்டு திருத்தம். ஒன்று, பொட்டல்புதூர் 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம். ராசா அவர்கள் 1023 என்று பெருமை பேசுவது பிரியாத பழைய மாவட்டத்துக் கணக்கு. ஊரைக் கொடுத்துவிட்டோம், கணக்கை மட்டும் வைத்துக்கொள்வது என்ன நியாயம்? இரண்டு, பெண் கல்வி பற்றி இந்த ஊர்க்காரனுக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம். சென்னையில் ராணி மேரிக் கல்லூரி வந்தது 1914. பாளையங்கோட்டை சாராள் தக்கர் 1895. சும்மாவா தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்றார்கள்.

போன வருஷம் ஆனித் தேரோட்ட இழையில் ராசா அவர்கள் என்னை 'டியூசன் வாத்தி' என்று எழுதியதை நான் மறக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ரதவீதி ராசா:
டியூசன் எடுத்தவரை டியூசன் வாத்தி என்னாமல் துணைவேந்தர் என்பார்களா?

துபாய் நெல்லை:
ஊருக்குள்ளேயே சுற்றுகிறீர்களே, வெளியே என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஹங்கேரியில் 2018-ல் பாலினப் படிப்புக்கு அங்கீகாரத்தையே எடுத்துவிட்டான். அமெரிக்காவில் புளோரிடா நியூ காலேஜில் 2023-ல் அந்தத் துறையை மூடுவது என்று முடிவு செய்தார்கள். கண்டுபிடித்தவனே மூடுகிறான், நாம் இப்போதுதான் விண்ணப்பம் தேடுகிறோம். அதுவும் இப்போது பெண்ணோடு நிற்கவில்லை. திருநங்கை, ஒருபால் ஈர்ப்பு என்று என்னவெல்லாமோ சேர்த்துவிட்டார்கள். நம்ம குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது என்ன படிப்பு?

முக்கூடல் மகள்:
துபாய் அண்ணாச்சி, நம்ம குடும்பத்தில் இல்லாதது மாதிரிப் பேசுகிறீர்கள். தூத்துக்குடியில் ஒரு பையனும் ஒரு திருநங்கையும் கோயிலில் வைத்துக் கல்யாணம் பண்ணினார்கள், பதிவு செய்ய மாட்டேன் என்று அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் மணமகள் என்பது திருநங்கைக்கும் பொருந்தும், பதிவு செய் என்று சொன்னது. தூத்துக்குடி நமக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம். 2021-ல் சென்னையில் ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு பெண்களின் வழக்கு வந்தபோது, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இதைப் பற்றித் தனக்கே சரியாகத் தெரியவில்லை என்று ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை மறைக்காமல் உத்தரவிலும் எழுதினார். நீதிபதி படிக்கலாம், பி.எஸ்சி. முடித்த பிள்ளை படிக்கக்கூடாதா? ஹங்கேரியில் அரசு மூடியது என்கிறீர்கள். அங்கே அதை நடத்தியது மொத்தம் இரண்டே பல்கலைக்கழகம். அதையும் விட்டுவைக்க முடியாத அளவுக்கு அரசாங்கத்துக்கு என்ன பயம் என்று நான் திருப்பிக் கேட்கலாம்.

ராசா அண்ணாச்சிக்கு: 1023 சரி. மாப்பிள்ளைமார் எல்லாம் மும்பைக்கும் சென்னைக்கும் துபாய்க்கும் போய்விட்டால் கணக்கில் பெண் கூடத்தான் தெரியும். அதே 2011-ல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளை எடுத்துப் பாருங்கள், நம்ம மாவட்டத்திலும் பெண் குறைவுதான்.

ரதவீதி ராசா:
பேச்சை மாற்ற வேண்டாம். 1500 பற்றிப் பேசுவோம். அம்மா பெயரில் பீடிக்கடை பாஸ் புத்தகம் இருந்தது. அதில் எத்தனை பீடி என்று கடைக்காரர் கையால் எழுதியிருக்கும். ஆதாரம் அது. உங்களிடம் என்ன ஆதாரம்?

மேலப்பாளையம் பேத்தி:
அண்ணாச்சி, நான் சுற்றியவள், அதனால் சொல்லலாம். இலையை முந்தின ராத்திரியே நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்போம், காய்ந்தால் நொறுங்கிவிடும். தகடு வைத்துக் கத்தரியால் வெட்டுவது உம்மா. தூள் வைத்துச் சுற்றி நூல் கட்டுவதும் உம்மா. ஆனால் தலை மடக்குவது யார்? நானும் தங்கச்சியும். பள்ளிக்கூடப் பையைப் போட்டதும் அதுதான், சின்ன விரலுக்குத்தான் அது வேகமாக வரும் என்பார்கள். நகக்கண்ணில் தூள் ஏறி, கழுவினாலும் சோற்றில் கசக்கும். எண்ணிக் கட்டுப் போடுவது ராத்தா, எங்க அக்கா. கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால், பாஸில் எழுதுவது உம்மா பெயரில் மொத்த எண்ணிக்கை. கழிவு போனது போக. எங்கள் மூன்று பேர் கை அந்தப் பாஸில் எங்கேயும் கிடையாது. உங்க வீட்டில் தலை மடக்கியது யாரு அண்ணாச்சி? அக்கா தங்கச்சி உண்டுமா?

ரதவீதி ராசா:
அக்கா ரெண்டு பேர் உண்டு. கூடமாட ஒத்தாசை செய்வார்கள், அது வேறு. வீட்டில் பிள்ளைகள் ஒத்தாசை செய்யாதா? சுற்றியது அம்மா. மடக்குவது எல்லாம் ஒரு வேலையா? 1500 அம்மாதான்.

கடையம் பஸ் ஸ்டாண்டு:
மடக்காத பீடியைக் கடைக்காரன் வாங்குவானா அண்ணாச்சி? தூள் எல்லாம் கொட்டிவிடுமே.

முக்கூடல் மகள்:
நான் எம்.ஏ.யில் படித்த மொத்தப் பாடமும் அண்ணாச்சியின் இந்த நாலு வரியில் இருக்கிறது, நன்றி. பீடி சுற்றுவதில் பிள்ளைகளை வைக்கக்கூடாது என்று 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் பட்டியல் போட்டார்கள். அதே பிரிவில், குடும்பத்தாரை வைத்துச் செய்கிற இடத்துக்கு விலக்கும் கொடுத்தார்கள். அப்புறம் என்ன, இலையையும் தூளையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் தீர்ந்தது. பீடித் தொழிலாளர் சட்டம் 1966-லேயே வந்தது, ஆனால் பிஎஃப், எல்லாம் பாஸில் பெயர் இருப்பவருக்குத்தான். மத்திய அரசாங்கம் 2019-ல் யார் எதில் நேரம் செலவழிக்கிறார்கள் என்று ஒரு ஆய்வு எடுத்தது. வீட்டு வேலை செய்கிற பெண் நாளுக்கு 299 நிமிஷம், செய்கிற ஆண் 97 நிமிஷம். வீட்டு வேலை செய்கிற ஆணே கொஞ்சம் பேர்தான், அதிலும் 97. இதை யாராவது எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கத்திக் கத்தித்தான் எண்ணவைத்தார்கள், தானாக எவனும் எண்ணவில்லை.

ஒரே ஒரு கேள்வி அண்ணாச்சி. அக்காமார் எத்தனையாம் வகுப்பு? நீங்கள்?

ரதவீதி ராசா:
அக்காமார் எட்டு. நான் சவேரியாரில் பி.காம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அவர்களுக்குப் படிப்பு ஏறவில்லை. குடும்ப விஷயத்தை இங்கே இழுப்பது நாகரிகம் இல்லை.

மேலப்பாளையம் பேத்தி:
அம்மாவை முதலில் இங்கே இழுத்தது நீங்கள்தானே.

துபாய் நெல்லை:
அண்ணாச்சியை எல்லாரும் சேர்ந்து மிதிப்பது சரியில்லை. உழைத்து முன்னேறிய குடும்பம். இதே பெண்கள் இன்று மாசம் 1000 ரூபாய் உரிமைத் தொகை வாங்குகிறார்கள், பஸ்ஸில் ஓசியில் போகிறார்கள், கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் என்று அதற்கும் 1000. இன்னும் என்ன வேண்டுமாம்?

முக்கூடல் மகள்:
ஓசி என்று சொல்லாதீர்கள் அண்ணாச்சி. 299 நிமிஷத்துக்குக் கூலி போட்டுப் பாருங்கள், 1000 எத்தனை நாளுக்கு வருகிறது என்று.

பாளை வாத்தியார்:
சவேரியார் கல்லூரி பாளையங்கோட்டையில் இருக்கிறது. ரதவீதிக்காரர் படிக்க ஆற்றைத் தாண்டித்தான் வந்திருக்கிறார் என்பதைச் சபை கவனிக்கவும்.

ரதவீதி ராசா:
ஆற்றுக்கு இந்தப் பக்கம் நெல்லையப்பர் இருக்கிறார், அதைப் பார்க்க நீர் தாண்டி வருவீர்தானே?

சரி, இப்போது எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியக்காவுக்குப் போன் போட்டேன். சங்கரன்கோவிலில் இருக்கிறாள். அவள் 900 என்கிறாள். தீபாவளி நேரம் ராத்திரி விளக்கு வைத்துச் சுற்றினால் 1000 வரும், அதுவும் நாங்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்தால்தான், நீ தெருவில் கோலி ஆடிக்கொண்டிருப்பாய் உனக்கு என்ன தெரியும் என்கிறாள். அவளுக்குச் சுகர் வந்ததிலிருந்து ஞாபகம் சரியில்லை. அவளுக்குக் கல்யாணம் ஆகிப் போன பிறகுதான் அம்மா 1500 சுற்றினாள். அதை அவள் எப்படிப் பார்த்திருப்பாள்?

கடையம் பஸ் ஸ்டாண்டு:
ஆள் குறைந்த பிறகு எண்ணிக்கை கூடியிருக்கிறது. என்ன அண்ணாச்சி, இது என்ஜினியரிங்கிலேயே இல்லாத கணக்கு.

மேலப்பாளையம் பேத்தி:
அக்காவை இந்த இழைக்குக் கூட்டி வாருங்கள் அண்ணாச்சி. நான் பேச வேண்டும்.

ரதவீதி ராசா:
அக்காவுக்கு இதெல்லாம் பழக்கமில்லை, அவளை யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம். அவள் சார்பில் நான் சொல்கிறேன். 1500. சின்னக்கா ஒத்தாசை இருந்தது, மறுக்கவில்லை, ஆனால் ஒத்தாசை ஒத்தாசைதான். இதைப் படிக்க இரண்டு வருஷம் ஒரு பிள்ளையை ஹாஸ்டலில் போட்டுக் காசைக் கரியாக்க வேண்டாம் என்பதில் மாற்றமில்லை. பி.காம். எடுக்கச் சொல்லுங்கள்.

முக்கூடல் மகள்:
முடித்த பிள்ளை முதுகலைக்குக் கேட்டது அண்ணாச்சி. திரும்பவும் பி.காம்.மா?

பாளை வாத்தியார்:
பொட்டல்புதூர் தென்காசி மாவட்டம் என்று நான் சொன்னதற்கு இன்னும் பதில் இல்லை. 1023-ஐ வாபஸ் வாங்குகிறாரா இல்லையா?

ரதவீதி ராசா:
2011-ல் தென்காசி எங்கேவே இருந்தது? கணக்கெடுப்பு நடக்கிற அன்று எது மாவட்டமோ அதுதான் மாவட்டம். இது டியூசனில் சொல்லித் தரவில்லையா?